கார் கம்பெனிக்காரங்களுக்கு: சாவி குடுக்கும்போது மார்க் கேக்காதீங்க

இந்தியால சின்ன கார் விக்கற எல்லா கம்பெனிலயும் கஸ்டமர் சாட்டிஸ்ஃபேக்ஷன் பாக்கற பெரியவங்களுக்கு,

வணக்கம். எந்த கம்பெனி, எந்த டீலர்னு நான் பேர் போடல. போட்டா அவங்க மட்டும் "சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்க டிக்கெட் நம்பர் இது"ன்னு ஒரு பதில போட்டு கதைய முடிச்சிடுவாங்க, மத்தவங்க எல்லாம் நமக்கு இல்லப்பான்னு போயிடுவீங்க. இது எல்லா ஷோரூம்லயும் நடக்கறது உங்களுக்கே தெரியும். அதனால சுத்தி வளைக்காம கேட்டுடறேன். சர்வீஸ் முடிச்சு சாவி குடுக்கற எடத்துல மார்க் கேக்கறத தயவுசெஞ்சு நிறுத்துங்க.

போன மாசம் என் குட்டி ஹேட்ச்பேக்க சர்வீஸுக்கு விட்டேன். முன்பக்கம் எடது வீல்கிட்ட, ஸ்பீட் பிரேக்கர் ஏறி எறங்கினா டொக்குன்னு ஒரு சத்தம், அவ்ளோதான் கம்ப்ளெய்ன்ட். ஜாப் கார்டுல முதல் வரியா அதத்தான் எழுத வச்சேன். சாயங்காலம் போனா வண்டி பளபளன்னு நிக்குது, டேஷ்போர்டுல பாலிஷ் போட்டு கை வச்சா வழுக்குது, பில்லுல ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட், எஞ்சின் டீகார்பனைசிங்னு நான் கேக்காததெல்லாம் வரிசையா இருக்கு. சத்தத்துக்கு நேரா மட்டும் "டெஸ்ட் டிரைவ் செய்யப்பட்டது, ஓகே". வாசல்ல இருக்கற ஸ்பீட் பிரேக்கர் மேல ஒரு தடவ ஏத்தி எறக்கினேன், டொக்.

சர்வீஸ் அட்வைசர் சின்ன பையன், எங்க அக்கா பையன் வயசுதான் இருக்கும். சாவிய கையில வச்சிக்கிட்டே ஒரு லேமினேட் பண்ண அட்டைய எடுத்து என் முன்னாடி வைக்கிறான். அதுல ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் மூஞ்சி, ஒன்பது மூஞ்சி செவப்பா அழுவுது, பத்தாவது மட்டும் பச்சையா சிரிக்குது. "சார், கம்பெனில இருந்து கால் வரும், எது கேட்டாலும் பத்துன்னு சொல்லிடுங்க சார், ஒன்பது குடுத்தாகூட எங்களுக்கு ஜீரோ மாதிரிதான், இன்சென்டிவ் கட் ஆயிடும்"னான். சத்தம் போகலயே தம்பின்னேன். "அது அடுத்த சர்வீஸ்ல பாத்துடலாம் சார், லிங்க் ஒண்ணு வந்திருக்கும், ஃபோன குடுங்க, நானே ஃபில் பண்ணிடறேன்". சிரிச்சுட்டு ஃபோன பாக்கெட்ல போட்டுக்கிட்டு வந்துட்டேன்.

மறுநாள் கால் வந்துச்சு, ஏழுன்னு சொன்னேன். வாஷிங் நல்லா இருந்துச்சு, சொன்ன நேரத்துக்கு வண்டி குடுத்தாங்க, சத்தம் போகல, ஏழு. நியாயமான மார்க்தானே? அரை மணி நேரத்துல அந்த பையன் கூப்பிடறான், அப்புறம் ஃப்ளோர் இன்சார்ஜ், அப்புறம் மேனேஜர். மேனேஜர் ரொம்ப மரியாதையா "என்ன குறை சார்"னாரு. சத்தம் போகலைங்கன்னேன். "அது சரி சார், ஆனா ஏன் ஏழு?"னாரு. நான் திரும்ப சத்தம்னேன், அவரு திரும்ப ஏழுன்னாரு. ஒரு ஃப்ரீ வாட்டர் வாஷ் கூப்பன் அனுப்பறேன், திரும்ப கால் வந்தா கொஞ்சம் மாத்தி சொல்லிடுங்கன்னாரு. வண்டிய திரும்ப கொண்டாங்க, சத்தத்த பாக்கறோம்னு மூணு பேர்ல ஒருத்தர் வாய்லகூட வரல. ராத்திரி அந்த பையன் மறுபடி கூப்பிட்டான், "சார், இந்த மாசம் எனக்கு இது ரெண்டாவது ஏழு சார்"னான், கொரல் ஒரு மாதிரி இருந்துச்சு. அவன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அவன அந்த நெலமைக்கு கொண்டாந்து விட்ட உங்க மேலதான் இருக்கு.

சத்தம் என்னன்னா லிங்க் ராடு, வீல்கிட்ட சஸ்பென்ஷன்ல இருக்கற ஒரு சின்ன கம்பி. எங்க தெரு முக்குல இருக்கற மெக்கானிக் அண்ணன் ஜாக்கி போட்டு தூக்கி, வீல பிடிச்சு ரெண்டு ஆட்டு ஆட்டிட்டு சொல்லிட்டாரு. ஆயிரம் ரூவாகூட ஆகல. அவரு என்கிட்ட மார்க்கும் கேக்கல.

ஐயா, இன்னொன்னு. நம்ம ஊர்ல அறுவதுக்கு மேல எடுத்தாலே ஃபர்ஸ்ட் கிளாஸ். நூத்துக்கு எழுவதுன்னா வீட்ல ஸ்வீட் வாங்குவாங்க. நீங்க வெளிநாட்டுல 2003ல பிரபலமான ஒரு கணக்க எடுத்துட்டு வந்து, நண்பருக்கு சிபாரிசு பண்ணுவீங்களான்னு ஒரு கேள்வி கேட்டு, ஒன்பது பத்து குடுத்தா நம்மாளு, சைபர்ல இருந்து ஆறு வரைக்கும் எதிரி, ஏழும் எட்டும் செல்லாத ஓட்டுன்னு வச்சிருக்கீங்க. சரி, அந்த கணக்கு உங்க ஆபீஸுக்குள்ள இருக்கட்டும். ஆனா அந்த கணக்க கண்டுபிடிச்சவங்ககூட ஒன்பத ஃபெயிலுன்னு சொல்லல, எங்க ஊர் டீலர் சொல்றாரு. ஜெயிக்கணும்னா ஒரே வழி பத்துதான்னு வச்சா எல்லாரும் பத்து வாங்கித்தான் தீருவாங்க, ஃபோன வாங்கி அவங்களே போட்டுக்குவாங்க, நீங்க மேல உக்காந்து "கஸ்டமர் ரொம்ப சந்தோஷமா இருக்காரு"ன்னு மீட்டிங் போட்டு கை தட்டிக்குவீங்க. அப்புறம் அதே நம்பர பேப்பர்ல முழு பக்க விளம்பரமா போட்டு எங்களுக்கே காட்டுவீங்க. அந்த பத்து எப்படி வந்துச்சுன்னு குடுத்த எங்களுக்கு தெரியாதா?

இவ்ளோ பேசறியே, அப்புறம் ஏன் திரும்ப திரும்ப அதே பிராண்ட வாங்கறீங்கன்னு நீங்க கேக்கலாம். வாங்கறோம்தான். எங்க மாமா பழைய சான்ட்ரோல ஆரம்பிச்சு அதே கம்பெனி வண்டிலயே இருக்காரு, கூட வேலை பாக்கறவரு வேகன்ஆர் வித்துட்டு திரும்ப வேகன்ஆரே எடுத்தாரு. அதெல்லாம் உங்க பத்துக்கு பத்த பாத்தா? இன்னொரு நண்பர் ஃபிகோ வச்சிருக்காரு. ஃபோர்டு 2021 செப்டம்பர்ல இந்தியால கார் தயாரிக்கறத நிறுத்தறோம்னு அறிவிச்சும், ஸ்டியரிங் புடிச்சா மனுஷனுக்கு ஒரு நிம்மதின்னு சொல்லி இன்னிக்கும் பார்ட்ஸ் தேடித் தேடி ஓட்டிக்கிட்டு இருக்காரு. பிராண்ட் பாசம்னா அதான், அதுக்கு ஸ்டார் கெடையாது. சின்ன கார்காரன் பாக்கறது ரொம்ப சிம்பிள், நடு ரோட்டுல நின்னா பக்கத்து ஊர்ல பார்ட்ஸ் கெடைக்குமா, மெக்கானிக்குக்கு கை பழக்கம் இருக்கா, அஞ்சு வருஷம் கழிச்சு வித்தா என்ன போகும், லிட்டருக்கு எவ்ளோ ஓடும். வட்டி கட்டி வாங்கற வண்டிங்க, சோதனை பண்ணி பாக்க எங்களுக்கு வசதி இல்ல. மச்சான் ஓட்டறான், அவனுக்கு தொந்தரவு இல்ல, எனக்கும் இருக்காது. இதான் எங்க ரேட்டிங்.

அதுக்காக எங்களுக்கு எந்த ரேட்டிங்குமே பிடிக்காதுன்னு இல்ல. 2014 ஜனவரில, வண்டிய இடிச்சு பாத்து பாதுகாப்புக்கு அஞ்சுக்கு இவ்ளோன்னு ஸ்டார் போடற குளோபல் என்கேப்ங்கற வெளிநாட்டு அமைப்பு அஞ்சு சின்ன கார இடிச்சு காட்டுச்சு, ஆல்டோ 800, நானோ, ஃபிகோ, ஐ10, போலோ, அஞ்சுக்கும் பெரியவங்க பாதுகாப்புல சைபர். அதுக்கப்புறமும் நாட்டுல அதிகமா வித்தது ஆல்டோதான், ஏன்னா வாங்கினவங்கள்ல பாதி பேரு பைக்ல முன்னாடி ஒரு புள்ள பின்னாடி ஒரு புள்ளன்னு மழையில போய்க்கிட்டு இருந்தவங்க, அவங்களுக்கு நாலு கதவு இருந்தாலே ஒரு ஸ்டார். ஆனா 2018 கடைசில நெக்ஸான் அஞ்சு ஸ்டார் வாங்கினப்போ, 2020ல டியாகோ நாலு வாங்கினப்போ, எங்க டீக்கடைலயே அத பத்தி பேசினாங்க. ஏன்னா அது மணிக்கு 64 கிலோமீட்டர்ல வண்டிய கொண்டு போய் இடிச்சு பாத்து போட்ட மார்க்கு, இடிக்கற தடுப்புகிட்ட யாரும் போய் "சார் கொஞ்சம் பாத்து போடுங்க"ன்னு கெஞ்ச முடியாது பாருங்க.

அதுலயும் கேள்வி கேக்கத்தான் செய்வோம். வேகன்ஆருக்கு 2019ல ரெண்டு ஸ்டார், 2023ல ஒண்ணு. வண்டி மோசமாயிடுச்சுன்னு ஒரே களேபரம், நடுவுல 2022ல டெஸ்ட்டே கடுமையாயிடுச்சுன்னு பாதி பேருக்கு தெரியாது, சொல்ல வேண்டிய நீங்களும் சொல்லல. அதே மாதிரி இடிச்சு பாத்து ஸ்டார் போடற நம்ம நாட்டு பாரத் என்கேப் 2023 அக்டோபர்ல வந்துச்சு, நல்ல விஷயம், ஆனா கட்டாயம் இல்ல, கம்பெனி விருப்பப்பட்டா வண்டி குடுக்கலாம்னு வச்சிருக்காங்க. பரீட்சை எழுதறதும் எழுதாததும் புள்ளைங்க இஷ்டம்னு எந்த பள்ளிக்கூடத்துல விட்டிருக்காங்க?

இப்பல்லாம் எதுக்குத்தான் மார்க் கேக்கல. பிரியாணி கொண்டு வர்ற பையன் அண்ணா அஞ்சு ஸ்டார்ங்கறான், பேங்க்ல பாஸ்புக் என்ட்ரி போட்டா மெசேஜ் வருது, ஏர்போர்ட் கக்கூஸ் வாசல்ல கூட சிரிக்கற மூஞ்சியும் அழுவற மூஞ்சியும் மாட்டி வச்சிருக்காங்க. எங்க பாத்தாலும் அஞ்சுக்கு அஞ்சு, ஆனா ரோட்டுல குழி அப்படியே இருக்கு, டோல்கேட்டுல க்யூ அப்படியே இருக்கு, பிரியாணில பீஸ் மட்டும் கொறஞ்சுக்கிட்டே போவுது. சரி, இது உங்க டிபார்ட்மென்ட் இல்ல, விடுங்க.

கேக்க வந்தத கேட்டுடறேன். சாவி குடுக்கும்போது மார்க் கேக்காதீங்க. கேட்டே ஆகணும்னா ஒரு மாசம் கழிச்சு கேளுங்க, அப்பதான் சரி பண்ணது நின்னுச்சா இல்லையான்னு எங்களுக்கே தெரியும். யாரு எவ்ளோ மார்க் குடுத்தாங்கன்னு டீலருக்கு பேரோட ஃபோன் நம்பரோட சொல்லாதீங்க. அந்த பசங்க சம்பளத்த எங்க வாய்ல கட்டித் தொங்க விடாதீங்க, வேணும்னா ஒரே கம்ப்ளெய்ன்ட்டுக்கு வண்டி எத்தன தடவ திரும்ப வந்துச்சுன்னு எண்ணுங்க, அத மாடல் வாரியா வெளில போடுங்க. அமெரிக்கால எந்த மாடலுக்கு எந்த வருஷ வண்டிக்கு என்ன கம்ப்ளெய்ன்ட் வந்துச்சுன்னு அரசாங்கமே வெப்சைட்ல போடுது, யாரு வேணா பாக்கலாம். இங்கயும் 2021 ஏப்ரல்ல இருந்து ரீகால் விதி இருக்கு, அதாவது கோளாறு உள்ள வண்டிங்கள கம்பெனியே திரும்ப கூப்பிட்டு சரி பண்றதுக்கான விதி, வண்டில கோளாறுன்னா அரசாங்க போர்ட்டல்ல புகார் பண்ணலாம். அந்த மாதிரி ஒரு பட்டியல நீங்களா முன்வந்து போட்டீங்கன்னா நாங்க வரி விடாம படிப்போம், மச்சான்கிட்ட கேக்கறது கூட கொறஞ்சிடும்.

கொஞ்சம் காரமா எழுதிட்டேன்னு தோணுச்சுன்னா, அந்த பையன் ராத்திரி பேசின ஃபோன் ரெக்கார்டிங் உங்ககிட்டயே இருக்கும், ஒரு தடவ கேட்டு பாருங்க. நான் வேற பிராண்டுக்கு போறேன்னு மெரட்டல, போகவும் மாட்டேன், மெக்கானிக் அண்ணன் விட மாட்டாரு. என் வண்டிக்கு அடுத்த சர்வீஸ் ஆயுத பூஜைக்கு முன்னாடி வருது, அதுக்குள்ள எல்லா டீலருக்கும் ஒரே ஒரு சர்குலர் அனுப்பிட்டீங்கன்னா போதும், சாவி குடுக்கற எடத்துல மார்க் கேக்கக் கூடாதுன்னு. ரொம்ப உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
ஏழு மார்க் போட்ட ஒரு சின்ன கார்காரன்