பூசணம் பிடித்த திராட்சை

போர்தோ, பிரான்ஸ்,
அக்டோபர் 21

அன்புள்ள சேகர்,

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. பதில் எழுத மூன்று வாரம் ஆனதற்குக் காரணம் என் சோம்பல்தான், உனக்குத் தெரியாததா?

போன ஞாயிறு அலுவலக நண்பர் ஒருவர் தன் நிலவறையில் சேர்த்துவைத்த பழைய ஒயின்களைத் திறந்தார். வீடு பர்சாக் பக்கம். காலையில் போகும்போது பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை, அப்படி ஒரு மூடுபனி. சிரோன் என்ற சிற்றாற்றின் குளிர்ந்த நீர், கரோன் ஆற்றின் வெதுவெதுப்பான நீரில் கலப்பதால் வருவதாம். அந்த ஈரத்தில் திராட்சையில் பூசணம் பிடிக்கும். மதியம் வெயில் அடித்துக் காயவைத்தால் பழம் வற்றிச் சர்க்கரை திரளும், அதில்தான் இங்கே இனிப்பு ஒயின் செய்கிறார்கள். வெயில் வராவிட்டால் வெறும் அழுகல்.

தோட்டத்தில் ஒரு கொத்தைக் காட்டினார். பாதிப் பழம் மஞ்சள், மீதி பழுப்பேறிச் சுருங்கி, மேலே சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி. நம் வீட்டில் என்றால் குப்பைக்குப் போயிருக்கும். ஒன்றை வாயில் போட்டேன், தேனில் ஊறிய உலர்திராட்சை! எல்லாம் ஒரே நாளில் இந்தப் பதத்துக்கு வராது என்பதால், ஆட்கள் அதே வரிசைக்கு நாலைந்து முறை திரும்பி வந்து பொறுக்குகிறார்கள். பக்கத்து சோத்தேர்னில் இருக்கும் புகழ்பெற்ற இக்கெம் தோட்டத்தில் ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் ஒயின்தான் தேறும் என்பார்கள். 2012இல் தரம் போதவில்லை என்று அந்த ஆண்டு ஒயினையே அவர்கள் வெளியிடவில்லை.

முதலில் சிவப்பு. 2018இல் விளைந்த சேன்-எஸ்தெஃப் (இங்கே ஊர்ப் பெயர்தான் ஒயினுக்கும்), ஒரு வாய்தான், ஈறெல்லாம் இழுத்துப் பிடித்தது. பந்தயம் கட்டிக் கடுக்காய் கடித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அதேதான். எங்களுக்கு இந்தத் துவர்ப்பு அறுசுவையில் ஒன்று என்றேன். நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. எச்சிலிலுள்ள புரதத்தை ஒயினிலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் பிடித்துக்கொள்வதால் நாக்கு வறள்கிறது, அது சுவையல்ல, தொடு உணர்வு என்றார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆட்டுக்கறி வந்தது, ஒரு துண்டோடு குடித்ததும் பாதித் துவர்ப்பைக் காணோம்.

அடுத்த பாட்டில் தக்கை கெட்டு, நனைந்த அட்டைப்பெட்டி வாடை. இருபது வருஷம் காத்து வைத்ததை அவர் பேசாமல் தொட்டியில் ஊற்றினார். பார்க்கப் பாவமாக இருந்தது.

பிறகு 1996 போயாக். ஓரத்தில் செங்கல் நிறம், பென்சில் சீவிய வாசனை. துவர்ப்பு அடங்கியிருந்ததே ஒழிய மறையவில்லை. விழுங்கிய பிறகு மெல்லத் தலைகாட்டியது. அந்தத் தனினில் கொஞ்சம் பாட்டிலின் அடியில் மண்டியாக இறங்கிவிடுகிறதாம். அதற்காகவே மெழுகுவர்த்தியைக் கழுத்துக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, மண்டி கலங்காமல் வேறு குடுவைக்கு மாற்றினார்.

கடைசியில் 2001 பர்சாக். பழைய பித்தளை நிறம். ஆரஞ்சுத் தோல், குங்குமப்பூ, தேன். லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை (உனக்கு டாக்டர் ஒரு சொட்டுகூடத் தர மாட்டார்), ஆனாலும் திகட்டவில்லை. காரணம் புளிப்பு. எலுமிச்சை பிழியாத பானகம் வெறும் வெல்லத் தண்ணீர்தானே? இத்தனை வருஷம் இதைத் தாங்கிப் பிடித்ததில் சர்க்கரையோடு அந்தப் புளிப்புக்கும் பங்குண்டு. சிவப்பில் அந்த வேலை துவர்ப்புக்கு. இளசாக இருக்கும்போது நாம் முகம் சுளிக்கிறோமே, அதேதான் பின்னால் காப்பாற்றுகிறது. கூடவே உப்பும் நீலப் பூசணமுமாய் ரோக்ஃபோர் சீஸ் வைத்தார். மாங்காய்க்கு உப்பு தொட்ட மாதிரி, அவ்வளவு பொருத்தம்.

மிச்சத்தை என்னிடமே கொடுத்தனுப்பினார். இரண்டு நாளாக ஃபிரிட்ஜில் இருக்கிறது, வாசனை துளியும் குறையவில்லை. இதை ஒட்டி வைத்துவிட்டு ஒரு வாய் குடிக்கப் போகிறேன். அப்பாவைக் கண்ணில் சொட்டு மருந்து விடாமல் ஏமாற்றவிடாதே.

உன்,
ரவி