லிமரிக்கிலிருந்து அப்பாவுக்கு

லிமரிக், அயர்லாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். ஷானன் ஆற்றை ஒட்டித்தான் வீடு. மழை விட்டபாடில்லை, துணியெல்லாம் வீட்டுக்குள்ளேயே காய்கிறது. இப்போது நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. ஆபரேஷன் தியேட்டர் வேலை பழகிவிட்டது. நம் ஊரில் ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கஞ்சி. இங்கே டீயும் டோஸ்ட்டும்.

சிறுநீரகம் செய்யவேண்டிய வேலைக்கு உங்களுக்கு வயிற்று வழி டயாலிசிஸ், அதாவது பையிலுள்ள தண்ணீரைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விட்டுக் கழிவோடு வெளியே எடுப்பது, என்றதும் "வயித்துக்குள்ள தண்ணி விட்டா குடல் ஊறிப்போகாதாம்மா?" என்று போனில் கேட்டீர்களே, அது மனசிலேயே நிற்கிறது. தினமும் நான் பார்க்கிற இடம் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

தண்ணீர் குடலுக்குள் போகாது அப்பா. வயிற்றுச் சுவரின் உட்புறத்தையும் குடலின் வெளிப்புறத்தையும் ஒரே சவ்வு தொடர்ச்சியாகப் போர்த்தியிருக்கிறது. பெரிட்டோனியம் என்பார்கள். அந்தச் சவ்வுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான் டயாலிசிஸ் தண்ணீர் நிற்கும். அங்கே இயல்பாகவே கொஞ்சம் ஈரம் உண்டு, அதனால்தான் குடல் உரசாமல் நழுவுகிறது. கேமராவில் பார்த்தால் சவ்வு பளபளவென்று மின்னும்; அடியில் நூல் நூலாக ரத்தக் குழாய்கள். மொத்தப் பரப்பு கிட்டத்தட்ட உடம்புத் தோலின் அளவு. ரத்தத்திலுள்ள கழிவு சவ்வைக் கடந்து தண்ணீருக்கு வரும். பையிலுள்ள குளுக்கோஸ் உபரி நீரை இழுத்துக்கொள்ளும்.

இது உருவாகும் விதம்தான் எனக்குத் தீராத ஆச்சரியம். கருவில் ஆறாவது வாரம் குடல் மளமளவென்று வளர, வயிற்றில் இடம் போதாமல் தொப்புள்கொடிக்குள் இறங்கிவிடுகிறது. பத்தாவது வார வாக்கில் உள்ளே திரும்புகிறது. இதற்குள் மொத்தம் 270 டிகிரி சுழன்றுவிடும். பிறகு பெருங்குடலின் சில பகுதிகள் பின்சுவரோடு ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய ஓரம் பெரியவர்கள் வயிற்றிலும் வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டில் பிரித்தால் ரத்தம் அதிகம் சிந்தாமல் குடல் கழன்று வரும். குடலைத் தாங்கும் சவ்வு துண்டு துண்டல்ல, ஒரே உறுப்பு என்று 2016-ல் எழுதிய கால்வின் காஃபி இந்த லிமரிக்கில்தான் சர்ஜன்.

இன்னொன்று. ஆண் குழந்தைக்கு விதை கீழிறங்கும்போது இதே சவ்வில் ஒரு பையும் கூடவே இறங்கும். அது மூடாமல் போனால் குடலிறக்கம் வரலாம். உங்களுக்குச் சின்ன வயதில் அந்த ஆபரேஷன் நடந்ததை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தண்ணீர் நிற்கும்போது அந்த இடத்தில் அழுத்தம் கூடும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழாயைத் தொடாதீர்கள். வெளியே வந்த தண்ணீர்ப் பையைச் செய்தித்தாள் மேல் வைத்து அம்மாவைப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்தாலோ வயிறு வலித்தாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம். பையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்