மிளகு மூட்டைகளின் ஊரிலிருந்து

ஹாம்பர்க்,
செப்டம்பர் 28

அன்புள்ள அந்தோணிக்கு,

நாங்கள் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ பிசியோதெரபிக்குப் போகாமல் நாளைக் கடத்துகிறாய் என்று மதினி போனில் கனகத்திடம் சொல்லி வருத்தப்பட்டார்களாம். தயவுசெய்து போய்விடு. நவம்பரில் நான் வந்ததும் உன்னை நிறைய நடக்கவைக்கப் போகிறேன். எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

பேரனுக்குக் கழுத்து நின்றுவிட்டது. ஜன்னல் ஓரம் தூக்கி வைத்துக்கொண்டால் ஆற்றில் போகும் கப்பலைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே இருக்கிறான். நம்ம தூத்துக்குடி ரத்தம்!

வந்த புதிதில் மருமகன் ஊரில் பார்க்க வேண்டியதையெல்லாம் காட்டிவிட்டார். ஆற்றோரத்துப் பெரிய இசை அரங்கம், ஆல்ஸ்டர் ஏரி, மிக்கேல் தேவாலயக் கோபுரம் எல்லாம் அழகுதான். ஆனால் முப்பத்திநாலு வருஷம் துறைமுகத்தில் கிளியரிங் வேலை பார்த்தவனுக்கு வேறு கேள்விகள் வருகின்றன. சரக்கு எங்கே இறங்கியது, யார் இறக்கினார்கள், எங்கே அடுக்கினார்கள்? இதைச் சுதா கவனித்திருக்கிறாள். என் பிறந்தநாளுக்கு எங்களுக்கென்று மட்டும் ஒரு வழிகாட்டியை நாலு மணி நேரத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டாள்.

வந்தவர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. "மோயின்" என்று கை கொடுத்தார். இந்த ஊரில் காலையோ ராத்திரியோ எப்போதும் அதுதான் வணக்கம். முதலில் அவர் கேட்டது, "நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று. சுதா மொழிபெயர்த்துச் சொன்னதும், கையில் வைத்திருந்த வரைபடத்தை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டார். "அப்படியென்றால் உங்களுக்கு வேறு வழி" என்றார். அவருடைய அப்பா அக்கரையில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவராம். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

முதலில் டைஷ் தெரு. 1842 மே 5-ஆம் தேதி இங்கேதான் தீப்பிடித்து, 8-ஆம் தேதி வரை ஊர் எரிந்திருக்கிறது. 51 பேர் இறந்தார்கள், சுமார் 20,000 பேர் வீடிழந்தார்கள். தீ தொடங்கின அதே தெருவில்தான் பழைய வணிகர் வீடுகள் சில இன்றும் நிற்கின்றன. தீ எதிர்ப்பக்கமாகப் பரவியதால் தப்பியவை. வீடுகளின் முதுகுப் பக்கம் ஒரு வாய்க்கால் ஓடுகிறது, நிக்கோலாய் வாய்க்கால் என்று பெயர். ஊரின் முதல் துறைமுகமே அதுதானாம்! நாங்கள் போனபோது வற்று நேரம். தண்ணீர் போய்ச் சேறு தெரிந்தது, படகுகள் தாழ்ந்து கிடந்தன, சுவரில் பாசி பிடித்த கோடு என் தலைக்கு மேலே இருந்தது. கடல் இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனாலும் ஆற்று வழியாக ஓதம் ஏறி, ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் மூன்றரை மீட்டருக்கு மேல் வித்தியாசம். நம்ம ஊரில் ஒரு மீட்டர் ஏறினாலே பெரிது. அந்தக் காலத்தில் பாரப் படகுகளை ஏற்றத்தோடு உள்ளே விட்டு, நீண்ட கழியால் ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார்களாம். உங்கள் அப்பாவின் தோணிதான் எனக்கு ஞாபகம் வந்தது. கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்க, தோணி போய்ச் சரக்கை இறக்கி வருவதும் இதே வேலைதானே.

அடுத்து ஸ்பைஷர்ஸ்டாட், அதாவது கிடங்கு நகரம். இது எல்லோரும் பார்க்கிற இடம்தான். சுற்றுலாப் படகு போகும்போது செங்கல் சுவரையும் பச்சையேறிய செம்புக் கூரையையும் படம் எடுக்கிறார்கள். எங்கள் வழிகாட்டி அம்மா எங்களை நிமிர்ந்து பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு கிடங்குக்கும் ஒரு முகம் தெருவைப் பார்த்து, ஒரு முகம் வாய்க்காலைப் பார்த்து. உச்சியில், கூரை கூம்பும் இடத்தில் ஒரு சுமைதூக்கும் உருளை, அதிலிருந்து தொங்கும் கொக்கி. அதற்குக் கீழே மாடிக்கு ஒரு கதவாக வரிசையாகக் கதவுகள். படகிலிருந்து மூட்டை கொக்கியில் ஏறி நேராக அந்தந்த மாடிக்குள் போய்விடும்.

அந்தோணி, நம் தொழில் விஷயம் ஒன்று கேள். 1888-இல் ஹாம்பர்க் ஜெர்மனியின் சுங்க எல்லைக்குள் சேர்ந்தபோது, துறைமுகத்தின் ஒரு பகுதியை மட்டும் எல்லைக்கு வெளியே வைத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் அங்கே சரக்கை இறக்கலாம், வைத்திருக்கலாம், பிரிக்கலாம், வரி கிடையாது. ஊருக்குள் கொண்டுபோகும்போதுதான் வரி. ஒரு முழு ஊரளவுக்குப் பாண்டட் குடோன்! நான் வாய் பிளந்து நின்றேன். ஆனால் அந்த அம்மா அதோடு விடவில்லை. இதைக் கட்டுவதற்காக இங்கே குடியிருந்த சுமார் 20,000 பேரை வெளியேற்றி, வீடுகளை இடித்தார்கள் என்றார். பெரும்பாலும் துறைமுகத்துத் தொழிலாளிகள். அவர்களுக்கு மாற்று வீடு கொடுக்கவில்லை. வேலை இங்கே, குடியிருப்பு எங்கோ தூரத்தில் என்று ஆகிவிட்டது. சொல்லும்போது அவர் குரல் கம்மியது. நூற்றைம்பது வருஷம் ஆகப்போகிறது, அவருக்கு நேற்று நடந்த மாதிரி இருக்கிறது.

இந்தக் கிடங்குகளில் காபி, கோகோ, மிளகு எல்லாவற்றையும் எடைபோட்டு, மாதிரி எடுத்து, தரம் பிரித்தவர்களுக்குக் குவார்ட்டியர்ஸ்லாய்ட்டே என்று பெயர். சிலர் கூட்டுச் சேர்ந்து, ஒருவர் பெயரைப் போட்டு "மற்றும் கூட்டாளிகள்" என்று தொழில் நடத்துவார்களாம். இந்த ஊரின் பணக்கார வணிகர்களுக்கு ஜனங்கள் வைத்த பட்டப்பெயர் என்ன தெரியுமா? "மிளகு மூட்டை"! நம்ம பக்கத்து மலையில் விளைந்த மிளகு இவர்களுக்குப் பெயராகவே ஒட்டிக்கொண்டது. கனகம் பையில் கொண்டுபோயிருந்த மக்ரூனை எடுத்து அந்த அம்மாவுக்குக் கொடுத்தாள். ஒன்றை வாயில் போட்டுவிட்டு, "எங்கள் ஊரிலும் கிறிஸ்துமஸுக்கு மக்ரோனே உண்டு" என்று சிரித்தார்.

மிக்கேல் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்து. முதல் தடவை நாங்கள் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறோம், கண்ணில் படவே இல்லை. இரண்டு கை விரித்தால் தொட்டுவிடலாம் போன்ற அகலம், இருபுறமும் மரச்சட்டம் வைத்துக் கட்டின குட்டி வீடுகள். மசாலாச் சரக்கு, பட்டு, இரும்புச் சாமான் விற்ற கடைக்காரர்களின் சங்கம், இறந்துபோன தன் ஆட்களின் விதவைகளுக்காக 1676-இல் இந்த இடத்தை வாங்கியது. 1960-களின் கடைசி வரை இங்கே வயதானவர்கள் குடியிருந்தார்கள். ஒரு வீட்டை அப்படியே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். செங்குத்தான மாடிப்படி, சின்ன அடுப்படி. கனகம் அந்த அடுப்படியில் ரொம்ப நேரம் நின்றாள். சுமைதூக்குகிறவர் ஒருவர் போனபின் அவர் பெண்டாட்டி பிள்ளைகள் கம்பெனி வாசலில் நின்றதை நாமும்தானே பார்த்திருக்கிறோம்.

கடைசியில் எல்ப் ஆற்றுக்கு அடியில் போகும் பழைய சுரங்கப்பாதை. 1911-இல் திறந்தது, 426 மீட்டர் நீளம், 24 மீட்டர் ஆழம். அக்கரைத் தளங்களுக்கு வேலைக்குப் போகும் ஆயிரக்கணக்கானவர்களுக்காகக் கட்டினார்கள். லிஃப்டில் இறங்கினோம். நடப்பதற்குக் காசு கிடையாது. அந்த அம்மாவின் அப்பா தினமும் நடந்த வழி. சுவரில் மெருகேற்றிய ஓடுகள், அங்கங்கே புடைத்து நிற்கும் உருவங்கள்: மீன், நண்டு, ஒன்றில் ஒரு பழைய பூட்ஸும் எலிகளும். ஆற்றின் அடியில் என்ன கிடக்குமோ அதையெல்லாம் செய்து பதித்திருக்கிறார்கள். ஒரு மீனின் முதுகைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று வழவழப்பாக இருந்தது.

தோண்டும்போது தண்ணீர் உள்ளே வராமலிருக்கக் காற்றை அழுத்தி நிரப்பி, அதற்குள் ஆட்களை வேலை வாங்கியிருக்கிறார்கள். வெளியே வரும்போது அழுத்தத்தை மெதுவாகக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் ரத்தத்தில் காற்றுக் குமிழி கிளம்பி மூட்டுகளைப் பிடித்துவிடும். பலர் அவதிப்பட்டார்கள், சிலர் செத்தும்போனார்கள். அந்த அம்மா இதைச் சொன்னதும் நான் சட்டென்று, "இது எங்கள் ஊரில் இன்றைக்கும் இருக்கிறது" என்றேன். திரேஸ்புரத்தில் கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு சங்கு குளிக்கப் போகிறவர்களைப் பற்றிச் சொன்னேன். அவசரமாக மேலே வந்து, அதற்கப்புறம் கால் விழுந்து திண்ணையோடு கிடந்த அந்த அண்ணனைப் பற்றியும் சொன்னேன். நீதானே அவருக்கு வாராவாரம் மீன் கொண்டுபோய்க் கொடுப்பாய். அந்த அம்மா நோட்டு எடுத்துக் குறித்துக்கொண்டார். அடுத்த தடவை இங்கே யாரையாவது கூட்டிவந்தால் இதையும் சொல்வேன் என்றார். அந்தோணி, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கரையில் ஏறி நின்றால் முழு ஊரும் ஆற்றுக்கு அந்தப்பக்கம் தெரிகிறது. அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துதான் இந்த யோசனை வந்தது. பழைய துறைமுகத்தைப் பற்றி உன்னைவிட யாருக்குத் தெரியும்? நீ தோணி ஓட்டிய தண்டலின் மகன். எந்த மேடையில் உப்பு ஏறியது, எங்கே பருத்திப் பொதி அடுக்கியிருந்தது, எந்தத் தோணிக்கு என்ன பெயர், எந்தக் காற்றுக்குப் பாய் விரிப்பார்கள் என்று ராத்திரி முழுக்கச் சொல்வாய். அதைக் கேட்க நான் ஒருவன் மட்டும் இருந்தால் போதாது. வாரத்துக்கு ஒருநாள் நாலைந்து பேரை, பள்ளிக்கூடப் பிள்ளைகளானாலும் சரி, பீச் ரோட்டிலிருந்து கூட்டிக்கொண்டு நடப்போம். நீ பேசு. ஆளைச் சேர்ப்பது, துறைமுகத்து வாசலில் அனுமதிக்கு அலைவதெல்லாம் என் பொறுப்பு. எங்கே தொடங்கி எங்கே முடிக்கலாம் என்று இப்போதே ஒரு தாளில் எழுதிவை.

நவம்பர் முதல் வாரம் வருகிறேன். மதினிக்கு இங்கிருந்து ஒரு நல்ல கம்பளிச் சால்வை எடுத்து வைத்திருக்கிறாள் கனகம். உனக்கு என்ன வேண்டும் என்று எழுது. முதலில் அந்த பிசியோதெரபிக்குப் போ.

உன்,
முருகேசன்