மரபணுவைக் கேட்கும் உரிமை யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி விடுமுறைக்கு வந்த என் பேரன், 1997-இல் வெளிவந்த ‘கட்டாக்கா’ என்னும் ஆங்கிலப் படத்தைப் போட்டுக் காட்டினான். அதில் எத்தன் ஹோக் ஏற்றுள்ள வின்சென்ட் என்பவன் பிறந்த சில நொடிகளிலேயே, ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு, அவனுக்கு இதயநோய் வரும் வாய்ப்பு 99 விழுக்காடு என்றும் ஆயுள் 30.2 ஆண்டுகள் என்றும் கணித்துவிடுகிறார்கள். விண்வெளிக்குப் போக ஆசைப்படும் அவனுக்குத் துப்புரவு வேலைதான் வாய்க்கிறது. பிறகு, சிறந்த மரபணு கொண்ட வேறொருவரின் இரத்தத்தையும் சிறுநீரையும் தன்னுடையவையாகக் காட்டி, அதே நிறுவனத்தில் அதிகாரியாக நுழைகிறான். சிறுநீரைச் சோதித்ததோடு நேர்காணல் முடிந்துவிடுகிறது!

என்னை உறுத்தியது வேறொன்று. அந்த எதிர்கால உலகிலும் மரபணுவைக் காட்டி ஒருவரை ஒதுக்குவது சட்டப்படி குற்றமே. ஆயினும், சோதனைக்கு உடன்படாதவர் தொட்ட கதவுப்பிடியிலிருந்தும், அவர் கைகுலுக்கியதிலிருந்தும், விண்ணப்பத்தில் பட்ட எச்சிலிலிருந்தும் வேண்டியதை எடுத்துக்கொள்கிறார்கள்.

இங்கு நம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எச்சில் கூடத் தேவைப்படவில்லை. என் தம்பி ஆயுள் காப்புறுதிக்கு விண்ணப்பித்தபோது, இரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி 52 வயதில் மாரடைப்பால் மாண்ட எங்கள் அப்பாவின் நோயைப் படிவத்தில் எழுதச் சொன்னார்கள். மாதக் கட்டணம் கூடியது. தம்பியின் இதயத்தில் நாளது வரை ஒரு குறையும் இல்லை. அப்பா மாண்டது பரம்பரைக் கோளாற்றாலா, விடியுமுன் தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு ஓடி, வரக்கோப்பியோடு உச்சிவேளை வரை உழைத்ததாலா என்று எழுத அப்படிவத்தில் இடமில்லை.

2016 முதல் இடைநிலைப்பள்ளியின் படிவம் நான்கு மாணவர்களுக்குத் தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோய்க்கான பரிசோதனை நடைபெறுகிறது. இதை நான் வரவேற்கிறேன். கணவன், மனைவி இருவரும் தமக்கு நோயில்லாமலே அதன் மரபணுவைச் சுமப்பவர்களாயின், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்பதை முன்பே அறிவது நல்லது. ஆனால், நோயின்றி நலமாக வாழும் பெண்ணின் முடிவுத்தாள், பெண் பார்க்க வருவோரிடமோ முதலாளியிடமோ போய்ச் சேரக் கூடாது.

மரபணுவைக் காட்டி ஒதுக்குவதைத் தடுக்க அமெரிக்காவில் 2008-இல் வந்த சட்டம் வேலைக்கும் மருத்துவக் காப்புறுதிக்கும் பொருந்துகிறது. ஆயுள் காப்புறுதியை விட்டுவிட்டது. நம் நாடு சட்டம் வரையும்போது அந்த ஓட்டையையும் சேர்த்து அடைக்க வேண்டும். இது குறித்துச் சுகாதார அமைச்சிடமும் காப்புறுதித் துறையினரிடமும் விளக்கம் கேட்டு வெளியிடுமாறு தங்கள் நாளிதழைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்