பூட்டிய வீட்டுக் குழாய்க்கும் மதிப்பெண்ணா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. வாழத் தகுந்த நகரங்களின் தரவரிசையில் இனி நம் ஊரையும் நிறுத்தக்கூடும். மதிப்பெண் போடும் முறையை இப்போதே பேசிவிடுவது நல்லது.

நகரங்களை அப்படி வரிசைப்படுத்திய மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுக் குறியீட்டில் (Ease of Living Index) வாழ்க்கைத் தரத்துக்கு 35, மக்கள் கருத்துக்கு 30, நீடித்த வளர்ச்சிக்கு 20, பொருளாதாரத்துக்கு 15 என எடை பிரித்தார்கள். எதற்கு எவ்வளவு எடை என்றுதான் எல்லோரும் வாதாடுவோம். செட்டிநாட்டில் அதற்கு முன்பே கணக்கு தடுமாறும்; எதால் வகுப்பது என்பதில்.

ஒரு தெருவில் 40 வீடு, அதில் 25 பூட்டிக் கிடக்கின்றன, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் திறப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 25-க்கும் குடிநீர் இணைப்பு உண்டு. ஆள் இருக்கும் 15-இல் 6-க்குத்தான் உண்டு. மொத்த வீட்டால் வகுத்தால் 78 சதவீதம் வரும். குடியிருக்கும் வீட்டால் வகுத்தால் 40தான். பூட்டிய வீட்டைக் கண்டுபிடிக்க, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் மின் ரீடிங்கே போதும்: ஓராண்டின் ஆறு ரீடிங்கும் சொற்பமாக இருந்தால் அந்த வீட்டைக் கழித்துவிடலாம். காவல்காரர் குடும்பம் தங்கியிருக்கும் வீடுகளை மட்டும் நேரில் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

ஊருணிகளையும் எண்ணிக்கையால் அளக்கக் கூடாது. கரையில் நடைபாதை போட்டு விளக்கு வைத்தாலும், வரத்துக்கால் அடைபட்டால் ஊருணி பெருகாது. ஐப்பசி, கார்த்திகையில் சேர்ந்த தண்ணீர் பங்குனிக் கடைசியில் எத்தனை அடி நிற்கிறது என்று பாருங்கள். நம் பகுதிக்கு இதைவிட நம்பகமான அளவு எனக்குத் தெரியவில்லை.

குடிநீருக்கு, இருப்பதிலேயே சிறந்த வார்டை 100 ஆக்குவதைவிட, பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு, தலைக்கு நாளொன்றுக்கு என்று விதித்த 135 லிட்டரை 100 ஆக வைக்கலாம். தலைக்கு 81 லிட்டர் கிடைத்தால் 60 மதிப்பெண். மற்ற வார்டுகள் எப்படி இருந்தாலும் இது மாறாது.

கூட்டிச் சராசரி எடுப்பதிலும் ஆபத்து உண்டு. தண்ணீர் 20, சாலை 90 பெற்ற வார்டும், இரண்டிலும் 55 பெற்ற வார்டும் சம எடையில் 55 என்றே நிற்கும். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் முதல் வார்டு 42-க்கு இறங்கிவிடும். குடிக்கத் தண்ணீர் இல்லாததைத் தார்ச்சாலை ஈடுகட்டக் கூடாது.

கடைசியாக, ஒவ்வோர் எடையையும் பத்துப் புள்ளி ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். வரிசை தலைகீழானால் அதை வெளியிட வேண்டாம். வார்டுவாரி எண்களை மட்டும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

– வாசகர், காரைக்குடி