வென்ற அணிக்கு மதிப்பெண் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 ஆகஸ்ட் 29 அன்று ஹிசோரில் தஜிகிஸ்தானை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என்று நமது இந்தியக் கால்பந்து அணி வென்றது. காலித் ஜமில் பயிற்சியாளரான பின் முதல் ஆட்டம். 2008-க்குப் பிறகு அதுவரை தஜிகிஸ்தானை நாம் வென்றதே இல்லை. கோல் அடித்த அன்வர் அலியையும் சந்தேஷ் ஜிங்கானையும் எல்லோரும் பாராட்டினார்கள். சரிதான், நான் மதிப்பெண் போட்டால் பத்துக்கு ஆளுக்கு எட்டு.

என் கணக்கில் ஒன்பது கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்துவுக்கு. 73-வது நிமிடத்தில் தஜிகிஸ்தானின் சொய்ரோவ் அடித்த பெனால்டியை அவர் தடுக்காவிட்டால் வெற்றி ஏது? அதே பெனால்டிக்குக் காரணமான நமது வீரர் விக்ரம் பர்தாப்புக்கு ஐந்துதான் தருவேன். கோபமில்லை, கோல் முன்னுள்ள பெனால்டி பெட்டிக்குள் அவசரப்படக் கூடாது என்று மாணவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

அறிமுக வீரர் முகமது உவைஸுக்கு எட்டரை. ஐந்தாவது நிமிட கோல் அவர் பக்கக்கோட்டிலிருந்து கையால் நீளமாக எறிந்த த்ரோ-இன்னில் பிறந்தது. நமது பள்ளி மைதானங்களில் அதை யாரும் பயிற்சியாகவே எடுப்பதில்லை, பந்தை உள்ளே போட்டால் போதும் என்று விட்டுவிடுகிறோம். முன்னிலை பெற்றபின் பந்தை வைத்திருக்கத் தடுமாறிய நடுக்களத்துக்கு ஆறு.

கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்தையும் அலசுகிறீர்கள். இந்தியக் கால்பந்து அணி ஆடிய மறுநாள் பதினொரு பேருக்கும் மதிப்பெண், பக்கத்தில் ஒரு வரிக் காரணம் வெளியிடுங்கள். பையன்கள் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
தூத்துக்குடி