வெற்றியைத் துறந்த வீரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீரம் என்றதும் மாணவர்களுக்குப் போர்க்களத்தை மட்டுமே நாம் காட்டுவது வருத்தம் தருகிறது. பகவத் கீதையின் 18ஆம் அத்தியாயம் போரில் புறங்காட்டாமையை க்ஷத்திரியனின் இயல்புகளுள் ஒன்றாகச் சொல்கிறது; ஆயினும் பலனில் பற்றின்றிப் போரிடுமாறு அர்ஜுனனைப் பணிப்பதால், அங்கும் மன அடக்கமே வீரத்தின் அடிப்படையாகிறது. சமணம் இதை இன்னும் கடுமையாக்கியது. அண்ணன் பரதனை மற்போரில் மேலே தூக்கிய பாகுபலி, வெற்றி கைக்கெட்டிய கணத்திலேயே அவனைக் கீழே இறக்கிவிட்டு, நாட்டையும் துறந்து தவத்தில் நின்றதாகச் சமணப் புராணங்கள் கூறுகின்றன. கர்நாடகத்தின் சிரவணபெளகொளாவில் ஏறத்தாழ 57 அடி உயரத்தில் நிற்கும் அவருடைய ஒற்றைக்கல் சிலையின் கால்களிலும் கைகளிலும் கொடிகள் படர்ந்திருக்கின்றன; அதைச் செய்வித்த சாவுண்டராயரோ கங்க மன்னர்களின் படைத்தலைவர், பல போர்களைக் கண்டவர்! நம் செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியர் என்ற சமணத் துறவிக்கு நினைவுக் கல்வெட்டு உள்ளது. சண்டையில் வீழ்ந்த வீரர்களுக்கு எழுப்பிய செங்கம் பகுதி நடுகற்களைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர்கள், அதே பாடவேளையில் இந்தக் கல்வெட்டையும் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.